மிஸ்ஸி ஏன் திரும்பிப் போனார்?

(தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மருத்துவன் அல்லன், மருந்தாளுநரும் அல்லன். ஊடகத் துறையில் டிப்ளோமா படித்துவிட்டு மைக் பிடிக்க வந்தவன். அப்படிப்பட்டவன் மருந்தைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். நான் பேச வந்திருப்பது மருந்தைப் பற்றி மட்டுமல்ல. மருந்து கொடுக்கும் தாதியைப் பற்றியும், அவர் பக்கத்தில் நின்றுகொண்டு அவசரப்படுத்தும் நம்மைப் பற்றியும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. என் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. மாலை 6 மணிக்கு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போனார்.

ஆறு மணிக்குத் தாதி வந்தார். கையில் மருந்து தயார். படுக்கையருகே வந்தவர், மேலே தொங்கிய டிரிப் பாட்டிலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மருந்தோடு திரும்பிப் போய்விட்டார்.

பத்து நிமிடம் ஆனது. கால் மணி நேரம் ஆனது. அம்மா காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராகக் கவுன்டருக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "என்ன மிஸ்ஸி, கையில மருந்த வச்சிக்கிட்டுக் கதை பேசிக்கிட்டு இருக்கீங்களா? எங்கம்மா அங்க துடிக்கிறாங்க!"

அந்தப் பெண் தொலைபேசியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "அண்ணே, அம்மாவுக்கு ஏறுற டிரிப்புல சுண்ணாம்புச் சத்து இருக்கு. இந்த மருந்து அதோட சேரக்கூடாது. எப்படிக் கொடுக்கலாம்னு ஃபார்மசியில கேட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார்.

பிறகு வந்து டிரிப்பை நிறுத்தினார். உப்பு நீரால் குழாயைக் கழுவினார். மருந்தை மெதுவாக ஏற்றினார். முடிந்ததும் மறுபடியும் கழுவிவிட்டு, பழைய டிரிப்பைத் திறந்துவிட்டார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறகு தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாலும் எலுமிச்சையும்

நம் வீட்டுச் சமையலறையிலிருந்தே தொடங்குவோம். பால் நல்ல பொருள். எலுமிச்சைச் சாறும் நல்ல பொருள். இரண்டையும் கலந்தால் என்ன ஆகிறது? பால் திரிந்துவிடுகிறது. சமையல் சோடாவில் எலுமிச்சையைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்குகிறது. தனித்தனியே நல்லதாக இருப்பவை சேரும்போது வேறொன்றாகிவிடுகின்றன.

மருந்தும் அப்படித்தான். ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்துகளில் சில அமிலத் தன்மை உள்ளவை, சில காரத் தன்மை உள்ளவை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் ஊசி மிகக் கடுமையான காரம். அதை உப்பு நீரில்தான் கலக்க வேண்டும். சீனிச் சத்துள்ள டெக்ஸ்ட்ரோஸ் நீரில் கலந்தால் மருந்து கரைந்து நிற்காமல் படிகங்களாகப் பிரிந்துவிடும். நாம் சமையலில் போடும் அதே சோடா, சோடியம் பைகார்பனேட் என்ற பெயரில் ஊசி மருந்தாகவும் இருக்கிறது. அதைக் கால்சியம் ஊசியோடு ஒரே குழாயில் விட்டால், சுண்ணாம்புக் கட்டியைக் கரைத்தது போல வெண்மையாகப் படிந்துவிடும்.

அந்தப் படிவம் குழாயை அடைத்தால்கூடப் பரவாயில்லை, மாற்றிவிடலாம். ரத்தத்தோடு போய் நுரையீரலின் மெல்லிய நாளங்களில் அடைத்துக்கொண்டால்? அதுதான் பயம்.

மருந்துகள் ஒத்துப்போகாத விதம் மூன்று வகை என்று சொல்கிறார்கள்.

முதல் வகை, கண்ணால் பார்க்கக்கூடியது. கலங்கும், நிறம் மாறும், குமிழி வரும், படிவம் விழும்.

இரண்டாவது வகை, கண்ணுக்குத் தெரியாதது. தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்தின் வீரியம் போய்விடும். அம்பிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தையும் ஜென்டாமைசினையும் ஒரே ஊசிக் குழலில் கலந்தால், முன்னது பின்னதைக் கெடுத்துவிடும். பார்ப்பதற்கு ஒரு மாற்றமும் இருக்காது. மருந்து ஏறியது என்று நாம் நிம்மதியாக இருப்போம். கிருமியும் நிம்மதியாக இருக்கும்!

மூன்றாவது வகை, உடம்புக்குள் போன பிறகு நடப்பது. ஒரு மருந்து இன்னொன்றின் வேலையைத் தடுக்கும், அல்லது அளவுக்கு மீறித் தூண்டிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், கால் வலிக்கு என்று தானாகவே சில வலி மாத்திரைகளை வாங்கிப் போட்டால் வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்படலாம். இது இந்த வகை.

உலகம் கற்ற பாடம்

இதெல்லாம் புத்தகத்தில் மட்டும் இருக்கும் பயமா? இல்லை. உயிர் போன பிறகுதான் உலகம் இவற்றில் சிலவற்றைக் கற்றது.

1994ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத் துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு, எல்லாச் சத்துகளையும் கலந்து ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். அந்தக் கலவையில் கால்சியமும் ஃபாஸ்பேட்டும் சேர்ந்து படிகமாகி, இரண்டு பேர் இறந்ததாகவும், குறைந்தது இரண்டு பேருக்குக் கடுமையான மூச்சுத் திணறல் வந்ததாகவும் அது தெரிவித்தது. கால்சியமும் ஃபாஸ்பேட்டும் உடம்புக்குத் தேவையானவைதாம். எவ்வளவு, எந்த வரிசையில் கலப்பது என்பதில்தான் ஆபத்து இருந்தது. கொழுப்புச் சத்தும் சேர்ந்த கலவை பால் போல வெண்மையாக இருக்கும். உள்ளே படிவம் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

2007ஆம் ஆண்டு செப்டம்பரில் இன்னோர் எச்சரிக்கை வந்தது. செஃப்ட்ரியாக்சோன் என்பது நம் மருத்துவமனைகளிலும் அன்றாடம் பயன்படும் கிருமிக்கொல்லி மருந்து. அதுவும் கால்சியமும் கொடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள் சிலர் இறந்திருந்தார்கள். அவர்களின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிவங்கள் காணப்பட்டன. 2009இல் இந்த விதியைத் தெளிவுபடுத்தினார்கள். பிறந்து 28 நாளுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கால்சியம் உள்ள டிரிப் தேவைப்பட்டால் இந்த மருந்தே கூடாது. மற்றவர்களுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றக்கூடாது, ஒன்று முடிந்து குழாயை நன்றாகக் கழுவிய பிறகே மற்றொன்று.

என் அம்மாவுக்கு எழுதப்பட்டிருந்த மருந்து செஃப்ட்ரியாக்சோன். மேலே தொங்கிக்கொண்டிருந்தது ஹார்ட்மன் கரைசல். அதில் கால்சியம் உண்டு. நான் சத்தம் போட்ட அந்தப் பெண் எதைத் தடுத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தாதி என்ன பார்க்கிறார்?

டாக்டர் மருந்தை எழுதுகிறார். மருந்தாளுநர் சரிபார்த்துக் கொடுக்கிறார். ஆனால் இந்த நிமிடம் எந்தக் குழாயில் எது ஏறிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறவர் தாதிதான். கடைசிக் கதவு அவர். அவரையும் தாண்டிவிட்டால், அப்புறம் நோயாளியின் ரத்தம்தான்.

ஆகவே ஒரு தாதி படுக்கையருகே நின்று தனக்குள் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார். இப்போது ஏறும் டிரிப் என்ன? இந்த மருந்தை எந்த நீரில் கலக்க வேண்டும்? இரண்டு குழாய்கள் ஒன்றாகச் சேரும் அந்த இணைப்பில் இவை சந்தித்துக்கொள்ளுமா? சந்தித்தால் என்ன ஆகும்? இந்த நோயாளிக்கு வேறு வழியில் இன்னொரு ஊசி போட இடம் இருக்கிறதா?

எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருக்க எவராலும் முடியாது. அதற்காகத்தான் ஒத்துப்போகும் மருந்து, ஒத்துப்போகாத மருந்து என்று அட்டவணைகளும் கையேடுகளும் இருக்கின்றன. லாரன்ஸ் டிரிசல் என்ற அமெரிக்க மருந்தாளுநர், ஊசி மருந்துகளுக்காகவே ஒரு பெரிய கையேட்டைத் தொகுத்து, பதிப்புக்குப் பதிப்பு புதுப்பித்து வந்தார். உலகெங்கும் மருத்துவமனைகள் அதைப் புரட்டியிருக்கின்றன. இப்போது கணினியிலும் கைப்பேசியிலும் தேட முடிகிறது.

அட்டவணையில் 'ஒத்துப்போகும்' என்று இருந்தாலும் அதோடு வேலை முடிவதில்லை. எந்த அடர்த்தியில், எந்த நீரில் சோதித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அடர்த்தி மாறினால் முடிவும் மாறலாம். அட்டவணையில் அந்த ஜோடியே இல்லையென்றால்? அங்கேதான் ஒரு நல்ல தாதியின் பண்பு தெரிகிறது. 'தெரியவில்லை என்றால் சேராது என்றே வைத்துக்கொள்' என்பது பாதுகாப்பான வழி. தனிக் குழாயில் கொடுப்பார், அல்லது ஒன்றை நிறுத்திக் கழுவிவிட்டுக் கொடுப்பார், அல்லது மருந்தாளுநரைக் கேட்பார்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். மனம் ஒருமுகப்பட வேண்டும். நாமோ அந்த நேரம் பார்த்துத்தான் "மிஸ்ஸி, தலையணை ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்போம். "மிஸ்ஸி, டாக்டர் எப்ப வருவாரு?" என்போம். தாதி மருந்து தயாரிக்கும் வேளையில் யாரும் குறுக்கிட வேண்டாம் என்று எழுதிய மேலங்கியை அணியும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. மேலங்கி இல்லாவிட்டால் என்ன, மருந்துத் தட்டு கையில் இருந்தால் இரண்டு நிமிடம் பொறுப்போமே!

"வேற ஒண்ணும் சாப்பிடல மிஸ்ஸி!"

இப்போது நம் பங்குக்கு வருவோம். அம்மாவை வார்டில் சேர்த்த அன்று, வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தாதி கேட்டார். "இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை. வேற ஒண்ணும் இல்ல," என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் விடவில்லை. "நாட்டு மருந்து, பொடி, கஷாயம், சத்து மாத்திரை?" என்று மறுபடி கேட்டார். இல்லவே இல்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் கைப்பையில் சீப்பு தேடியபோது ஒரு டப்பா கிடைத்தது. யாரோ உறவுக்காரர் கொடுத்த பொடி. 'சீனி இறங்கும்' என்று சொன்னார்களாம். மூன்று மாதமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். டப்பாவில் பதிவு எண் கிடையாது. என்ன சேர்த்திருக்கிறது என்றும் எழுதவில்லை.

நான் நாட்டு மருந்தைக் குறை சொல்ல வரவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் மருந்துச் சரக்குகள் வாங்காத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் பாகற்காயும் வெந்தயமும் சீனியை இறக்கும் என்று நாம்தானே சொல்கிறோம்? அப்படியானால் அது மருந்து. மாத்திரையும் சீனியை இறக்குகிறது, பொடியும் இறக்குகிறது என்றால் இரண்டும் சேர்ந்து எவ்வளவு இறக்கும்? வார்டில் இருக்கும் தாதிக்கு அது தெரிய வேண்டாமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் சில பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளை ரகசியமாகக் கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று குறைக்கும், பசியைத் தூண்டும், 'கைகண்ட மருந்து' என்று நம்ப வைக்கும். கூடவே சீனியை ஏற்றிவிடும்.

மலேசியாவில் சட்டப்படி விற்கப்படும் மருந்துகளுக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. எட்டு இலக்கங்களுக்குப் பிறகு ஓர் எழுத்து வரும். டி என்று முடிந்தால் அது பதிவு பெற்ற பாரம்பரிய மருந்து. வாங்கும் முன் அதைப் பாருங்கள். எண் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்திருந்தால் மறைக்காதீர்கள்.

இது நம் சமுதாயத்துக்கு இன்னும் முக்கியம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு நீரிழிவு. அதோடு ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, இருதய நோய் என்று சேரச் சேர, மாத்திரைகளும் சேர்கின்றன. மாத்திரைகள் சேரச் சேர, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் போகும் வாய்ப்பும் கூடுகிறது.

வீட்டிலும் நாம் தாதிதான்

வீட்டில் அம்மாவுக்கு இன்சுலின் போடும் மகளும், பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மூக்குக் குழாயில் பால் ஊற்றும் மகனும் தாதி வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காகச் சில விஷயங்கள்.

இன்சுலினில் தெளிந்த வகையும் கலங்கல் வகையும் உண்டு. ஊசிக் குழலில் எடுத்துப் போடுகிறவர்கள், சொல்லிக் கொடுத்திருந்தால், சாதாரண தெளிந்த இன்சுலினை முதலிலும் கலங்கலை அடுத்தும் எடுத்துச் சேர்த்துப் போடலாம். ஆனால் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினும் தெளிவாகத்தான் இருக்கும். அது அமிலத் தன்மை உள்ளது. வேறெந்த இன்சுலினோடும் அதைக் கலக்கக்கூடாது. தெளிவாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல.

மூக்குக் குழாய் வழியாக மருந்து கொடுக்கிறவர்கள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எல்லா மாத்திரைகளையும் ஒன்றாகப் போட்டு இடித்து, பாலிலேயே கலந்து ஊற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இடையிடையே சிறிது தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஃபெனிடோயின் மருந்தைக் குழாய் உணவோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, வலிப்பு திரும்பலாம். எவ்வளவு இடைவெளி விடுவது என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

பெயருக்குப் பின்னால் எல்.ஏ., எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால், அது நாள் முழுதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டிய மாத்திரை. இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ரத்தக் கொதிப்பு மாத்திரையாக இருந்தால் அழுத்தம் படுபாதாளத்துக்குப் போய்விடலாம். இடிப்பதற்கு முன் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் தாய்மார்களே, அதோடு கால்சியம் மாத்திரையையோ இரும்புச் சத்து மாத்திரையையோ சேர்த்து விழுங்காதீர்கள். நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

ஒரு தாளும் ஒரு பையும்

நம் சுகாதார அமைச்சு 2007ஆம் ஆண்டிலிருந்து 'கெனாலி உபாட் அண்டா', அதாவது உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள் என்ற இயக்கத்தை நடத்தி வந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கில்லா மருந்து' என்ற பொருளில் ஓர் உலகளாவிய இயக்கத்தைத் தொடங்கியது. இயக்கங்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் அம்மா என்ன சாப்பிடுகிறார் என்பது அமைச்சுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரியும்.

ஆகவே இன்று வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் எல்லா மருந்தின் பெயரையும், அளவையும், நேரத்தையும் எழுதுங்கள். பொடி, கஷாயம், சத்து மாத்திரை, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளோடு மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தாதி கேட்டால் பையைத் திறந்து காட்டுங்கள். திட்டுவார்களோ என்று அஞ்சி மறைக்க வேண்டாம். திட்டினாலும் பரவாயில்லை, உயிர் பெரிது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் கடைசிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து மருந்து கொடுப்பவரையும் சேர்த்து நான்காக வைக்கிறார் வள்ளுவர். அந்த நான்காமவரை நாம் எப்படி நடத்துகிறோம்?

அந்தப் பொடி டப்பாவை நானே எடுத்துப் போய் அந்தத் தாதியிடம் கொடுத்தேன். முதல் நாள் பொய் சொன்னதற்கும், அன்றைக்குச் சத்தம் போட்டதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லண்ணே, இப்பவாச்சும் கொடுத்தீங்களே," என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் காட்டப் போய்விட்டார். அம்மா நலமாக வீடு திரும்பினார். இன்று அவர் கைப்பையில் பொடி இல்லை, ஒரு தாள் இருக்கிறது.

அடுத்த முறை தாதி ஊசியோடு வந்து, டிரிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால் சத்தம் போடாதீர்கள். அவர் உங்கள் அம்மாவுக்காகத்தான் போகிறார்.